மரத்துக்குள் இருந்தவள்

ஏப்ரல் 22, திங்கள்

காலையில் பனிமூட்டம். பின்னேரம் இடி மட்டும், மழை இல்லை. ஹட்டனிலிருந்து லாரியில் கினிகத்தேனைக்கு மேலே உள்ள காட்டுத்துண்டுக்கு. தோட்டத்துத் தேயிலை ஃபாக்டரிக்கு விறகுக் காண்ட்ராக்ட். பெருமழை பிடிப்பதற்குள் காட்டை வெட்டி முடிக்க வேண்டும். விறகு இல்லாமல் கொழுந்து காயாது. காயாவிட்டால் ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயா என் கழுத்தைத்தான் பிடிப்பார்.

வெட்டுக்குக் கருப்பையாவும் அவன் ஆட்களும். கருப்பையா எனக்குப் புது ஆள். பொகவந்தலாவைப் பக்கம் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்தவன். நாற்பது வயது இருக்கும். கேட்டால்தான் வாய் திறப்பான். மரமேறிக் கயிறு கட்டுவதற்கு, கீழ்க் கிராமத்துப் பியதாச.

வாங்க வேண்டியவை: லாரிக்கு பல்ப். அரம். வீட்டில் நபீசாவுக்குத் தலைவலித் தைலம் (போன தடவையும் மறந்துபோனது).

ஏப்ரல் 23, செவ்வாய்

வெயில்.

ஓடைக்கு இந்தப் பக்கம் நின்ற பெரிய மரத்தைச் சாய்த்தார்கள். விழுந்த சத்தம் அடங்கியது. அதற்குப் பிறகும் ஒரு சத்தம். மரத்துக்குள்ளிருந்து. பச்சைப்பிள்ளை வீறிடுவது போல. எல்லோரும் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு நின்றோம்.

அடிமரத்தில் ஒரு பொந்து. வாயை மண் பூசி அடைத்த மாதிரி ஒரு சுவர். நடுவில் விரல் நுழையும் அளவுக்குக் கீறல். விழுந்த அதிர்ச்சியில் சுவரில் பாதி உடைந்திருந்தது. கருப்பையா உள்ளே கை விட்டான். உடனே இழுத்துக்கொண்டான். கையெல்லாம் ரத்தம்.

குனிந்து பார்த்தேன். ஒரு பறவை. கோழியளவு, பெரிய வளைந்த அலகு. சிறகில் இறகே இல்லை, பிடுங்கிவிட்ட மாதிரி. அடியில் இரண்டு குஞ்சு. ஒன்று அசைந்தது. மற்றது அசையவில்லை.

"கேந்தெத்தா" என்றான் பியதாச, இருவாச்சிக்குச் சிங்களப் பேர். முட்டை விடும் காலத்தில் பெட்டை பொந்துக்குள் போய், உள்ளே இருந்தபடி தானே வாயை அடைத்துக்கொள்ளுமாம். எச்சமும் பழச்சதையும் குழைத்துப் பூசுமாம். இறகெல்லாம் கொட்டிவிடுமாம். சேவல்தான் கீறல் வழியாகத் தீனி கொடுக்குமாம். "நான் கேள்விப்பட்டதுதான் மொதலாளி. கண்ணால பாத்ததில்ல."

யாரும் பார்த்ததில்லை. நானும்தான், இத்தனை காலம் காடு வெட்டியும். இதற்கு முன் சாய்த்த மரங்களின் உள்ளே என்ன இருந்தது என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை.

பொந்தின் மேல் இலையைப் போட்டு மூடிவிட்டு வந்தோம். வேலை நடக்கவில்லை. தைலம் மறந்துபோனது.

ஏப்ரல் 24, புதன்

மேகம். தூறல்.

சேவல் வந்தது. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது. சாம்பல் நிறம், நீண்ட வால். நேராகப் பறந்து வந்து, மரம் நின்ற இடத்தில், பொந்து இருந்த உயரத்தில், ஆகாயத்தில் காலை நீட்டியது. பிடிக்க ஒன்றும் இல்லை. சிறகை அடித்துக்கொண்டு தடுமாறி, பக்கத்து மரத்துக்குப் போயிற்று. திரும்பி வந்தது. அதே இடம், அதே உயரம். மறுபடி காலை நீட்டியது.

பார்க்க முடியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

சேவலின் தொண்டை புடைத்திருந்தது. கிளையில் உட்கார்ந்து ஒரு சிவப்புப் பழத்தைக் கக்கி அலகு நுனியில் வைத்துக்கொண்டது. கொடுக்க ஆள் இல்லை. பழம் விழுந்தது. இன்னொன்றைக் கக்கியது. கீழே பெட்டை கத்துகிறாள், அதுவும் கேட்டிருக்கும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது. தரைக்கு மட்டும் இறங்கவில்லை.

கருப்பையா கோடாலியைத் தொடவில்லை. கல்லில் உட்கார்ந்துவிட்டான். கோபத்தில் போய்க் கேட்டேன்.

"என்னப்பா, வேலைக்கு வந்தியா, குருவி பாக்க வந்தியா?"

என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நானும் இப்படித்தான் மொதலாளி நின்னேன். மழ நாளு. தேயில கவ்வாத்து வெட்டுற மலையில வேல முடிஞ்சு, கடையில ரொட்டி வாங்கிக்கிட்டு வாரேன். லயத்து வீடுங்க இருந்த எடத்துல சரிஞ்சு வந்த மண்ணு. வீட்டுக்காரியும் புள்ளையும் உள்ள. எது எங்க வீட்டு வாசல்னு தெரியல. ரொட்டிய வச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தேன்."

அவ்வளவுதான். இதைப் பற்றி அவன் ஆட்களுக்கும் தெரியாது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

கல்லை விட்டு எழுந்து அவனே, "பொந்து உள்ள துண்ட அறுத்து மேல தூக்கிக் கட்டிருவோம்" என்றான்.

ஏப்ரல் 25, வியாழன்

நல்ல வெயில். பொந்துக்கு மேலும் கீழும் ரம்பம் போட்டு அறுத்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளே அலறல். கருப்பையா ஒரு கையைக் கட்டையின் மேல் வைத்துக்கொண்டே அறுத்தான். "இருத்தா, இருத்தா, முடிஞ்சிருச்சு." செத்த குஞ்சை ஒரு குச்சியால் வெளியே தள்ளினான்.

பியதாச பக்கத்து மரத்தில் ஏறினான். லாரிக் கயிறு, லாரிச் சங்கிலி. எல்லோரும் இழுத்தோம், நானும். பழைய உயரத்தில் கட்டையை நிறுத்தி இறுக்கிக் கட்டினோம். உடைந்த வாயைக் களிமண்ணால், கீறல் மட்டும் விட்டு, கருப்பையாவே பூசினான்.

வேலை செய்யாத நாளுக்கும் ஆட்களுக்குக் கூலி உண்டு என்று சொல்லிவிட்டேன். டீமேக்கர் ஐயாவுக்கு என்ன சொல்வது? தெரியவில்லை.

சேவல் வரவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

ஹட்டனில் கடும் மழை. ஜும்ஆவுக்குப் போனேன். மனம் பள்ளிவாசலில் நிற்கவில்லை.

நபீசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப அது வராட்டி, உள்ள உள்ளது பட்டினியில மௌத்தாப் போயிருமா?" என்றாள். "நீங்க ஏன் இன்னைக்கு இங்க இரிக்கிறீங்க?" என்றும் கேட்டாள்.

பின்கட்டில் முள்முருக்கு பூத்திருக்கிறது. தேன் குடிக்கும் சின்னக் குருவி ஒன்று பூவுக்குள் தலையை விட்டு விட்டு எடுத்தது. நெற்றியெல்லாம் பூந்தூள். அப்படியே அடுத்த பூவுக்குப் போய் அதன் மேல் தேய்த்தது. எத்தனையோ வருடமாக நிற்கும் மரம். இன்றைக்குத்தான் இதைப் பார்க்கிறேன்.

தைலம் வாங்கியாகிவிட்டது.

ஏப்ரல் 27, சனி

விடிந்ததும் புறப்பட்டேன். பாதையில் மண் சரிவு, லாரி தாமதம். போய்ச் சேர்ந்தபோது கருப்பையா மட்டும் இருந்தான். இரவும் அங்கேயே, மரத்தடியில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு.

"வந்துச்சா?"

"சுத்துது மொதலாளி. கிட்ட வரல. கம்புல பழத்தக் குத்திக் குடுத்துப் பாத்தேன். அவ வாங்க மாட்டேங்குறா."

உள்ளே இப்போது கத்தல் இல்லை. கத்தலைவிட அது பயமாக இருந்தது.

நிற்க முடியாமல் வெட்டிய மரத்தடியைச் சுற்றி நடந்தேன். பொந்து இருந்ததற்கு நேர் கீழே தரை முழுக்கக் கொட்டை. பளபளவென்று சதை நீங்கியவை. இடையில் கன்றுகள், நெருக்கமாக, நாற்றுமேடை போல. ஆலம் இலை, காட்டுக் கறுவா இலை, பேர் தெரியாத ஏதேதோ. வெட்டிய மரத்தின் கன்று ஒன்றுகூட இல்லை. இந்தத் துண்டில் ஆலமரமே கிடையாது. அப்புறம் ஏறி வந்த பியதாசவைக் கேட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதாம்.

அப்படியென்றால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொண்டையில் கொண்டுவந்த விதை. பெட்டைக்குக் கொடுத்தது, அவள் தின்று துப்பியது, கழித்தது. இங்கே மட்டுமா? போகிற வழியெல்லாம். நான் நிற்கும் இந்தக் காடே யாரோ வாயில் கொண்டுவந்து போட்டதா? காடு தானாக முளைக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மழை மாதிரி, புல் மாதிரி. வெட்டினால் வந்துவிடும் என்று.

கன்றுகள் மேல் என் பூட்ஸ் கால். நகர்ந்து நின்றேன். அங்கேயும் கன்று.

மாலை. கருப்பையா என் தோளைத் தொட்டான். இதுவரை தொட்டதில்லை.

சேவல் கட்டையில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வாலை மரத்தில் ஊன்றி, கழுத்தை நீட்டி, கீறலுக்குள் ஒரு பழத்தை நீட்டியது. ஒன்றும் நடக்கவில்லை. அலகால் கட்டையைத் தட்டியது. மறுபடி நீட்டியது.

உள்ளிருந்து அலகு நுனி வந்தது. வாங்கிக்கொண்டது.

கருப்பையா சத்தமில்லாமல் அழுதான். நான் ஓடைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 29, திங்கள்

தூறல். நேற்று லாரி பழுது, போகவில்லை. இன்று போனால், கருப்பையா பூசிய களிமண் மேல் புதிதாகக் கருப்பாக ஒரு பூச்சு. உள்ளிருந்து அவளே அடைத்துக்கொள்கிறாள். குஞ்சின் குரலும் கேட்டது.

பத்து மணிபோல டீமேக்கர் ஐயா குடையோடு ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது. விறகு அடுக்கில் கால்வாசிகூட இல்லை.

"என்ன மொதலாளி இது? இந்த மரத்த ஏன் விட்டு வச்சிருக்கீங்க? அதுல என்ன கட்டையக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க?"

மழை, பாதைச் சரிவு, லாரி என்று ஏதோ உளறினேன். அவர் ஆட்களைப் பார்த்து, "ஏறி அத அவுத்துப் போடுங்க. மரத்தச் சாய்ங்க" என்றார்.

யாரும் அசையவில்லை. கருப்பையா எழுந்து மரத்துக்கு முன்னால் வந்து நின்றான். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"உள்ள ஆள் இருக்குங்கய்யா."

டீமேக்கர் ஐயா அண்ணாந்து பார்த்தார். தூறல் முகத்தில் விழ, வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் நட்டு வளர்த்த சவுக்கு மரங்களை வெட்டச் சொல்லிவிட்டு, குடையை விரிக்காமலே இறங்கிப் போனார்.