வரைந்து வைத்த கதவு

அன்புள்ள வாலுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. நீயும் அங்கே நன்றாக இருப்பதாகத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய், ஆனால் அதை அப்படியே நம்ப எனக்கு இந்த வாரம் மனசு வரவில்லை. போனில் ஆரம்பித்தால் "சித்தப்பா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா" என்று சிரித்துவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் கட் பண்ண முடியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நான் நிறுத்தினேனா, பள்ளிக்கூடம் என்னை நிறுத்தியதா என்பது இன்றைக்கும் விவகாரத்தில் இருக்கிறது, ஆகவே எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு.

மருந்துக்கடை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் நடத்துகிற கோஷ்டியில் சேர்ந்தேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, சேர்ந்தேன் என்பது தன்னடக்கம், அவர்கள் காலில் விழாத குறையாகக் கூட்டிப் போனார்கள். பெருவிரல் உயரச் சிப்பாய்க்குப் பொத்தான் முதல் புருவம் வரைக்கும் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் அவன் சண்டை போடுகிற ஊர் என்னவென்றால் நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி அதுதான் மாடி வீடு என்கிறார்கள். பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இத்தனை வருஷம் பெட்டி மடித்தவன் நான், கண்ணை மூடிக்கொண்டு மடித்தாலும் மூலை நூல் பிடித்த மாதிரி நிற்கும். ஒரே மாசத்தில் ஊரையே எழுப்பிவிட்டேன். கம்பெனியில் கழித்துப் போட்ட அட்டைதான் சுவர், தெர்மோகோல்தான் தளம், ஜூஸ் ஸ்ட்ரா தண்ணீர்க் குழாய், ஐஸ்குச்சி பால்கனிக் கம்பி, மருந்து பாட்டில் மூடி மொட்டைமாடித் தொட்டி. ஒவ்வொரு மாடியும் டிபன் கேரியர் அடுக்கு மாதிரி தனித்தனியாகக் கழன்று வரும், உள்ளே கையை விட்டுச் சிப்பாயை நகர்த்த வேண்டுமே. கறுப்பு பெயிண்டைத் தண்ணீர் மாதிரி கரைத்துச் சுவரில் விட்டு ஒரு துடை துடைத்தால் பத்து மழைக்காலம் பார்த்த சுவராகிவிடும். கூரைக்குக் கூரை பாலம், ஏணி, கொடியில் காய்கிற துணி, ஒன்றையும் விடவில்லை. நிஜ என்ஜினியர் ஒருவர் வந்து பார்த்து வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. தலைவலி மாத்திரை வாங்கத்தான் வந்தார் என்று மருந்துக்கடைக்காரர் சொல்வார், நீ நம்பாதே.

போன சனிக்கிழமை என் நாலுமாடிக் கட்டடத்தில்தான் முதல் யுத்தம். உயரத்தில் இருப்பவனுக்குத்தான் ஊரெல்லாம் தெரியும் என்று என் ஆட்கள் எல்லோரையும் நாலாவது மாடியில் ஏற்றி ஜன்னலுக்கு ஒருவனாக நிறுத்தினேன். எதிரில் போட்டோ ஸ்டுடியோக்காரம்மா. பார்த்தால் சாது, பேசினால் அதைவிடச் சாது. அந்த அம்மா மேலே ஏறவே இல்லை. கீழே படிக்கட்டு வாசலில் இரண்டு பேரை நிறுத்திவிட்டு, கைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துப் படிக்கட்டுக்குள் திணித்தார். இது என்னம்மா என்றேன். "புகை அண்ணே. ஒரு சுற்றுக்கு ஒரு மாடி ஏறும்" என்றார். விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். புகை முதல் மாடிக்கு வந்தது, இரண்டாவதுக்கு வந்தது, என் ஆட்கள் மேலே ராஜா மாதிரி துப்பாக்கியோடு நிற்கிறார்கள், இறங்க வழியில்லை. குதிக்கட்டும் என்றேன். அந்த உயரத்திலிருந்து குதித்தால் தாயக்கட்டையில் என்ன விழுந்தாலும் பிழைக்க மாட்டான் என்றார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்து, பின்பக்கம் கதவு இருக்கிறதே, அது வழியாக இறங்குகிறார்கள் என்று மேஜையைத் தட்டினேன். அந்த அம்மா ஒவ்வொரு மாடியாகக் கழற்றி வரிசையாக வைத்தார். "எங்க அண்ணே பின்படி? கட்டினது நீங்கதானே, காட்டுங்க" என்றார். இல்லை. அழகுக்காகச் சுவரில் ஒரு கதவு வரைந்திருந்தேன், கைப்பிடி, தாழ்ப்பாள், கொஞ்சம் துரு எல்லாம் போட்டு, அவ்வளவு தத்ரூபமாக வரைந்திருந்தேன் என்றால் வரைந்த நானே ஏமாந்துவிட்டேன். "சூப்பர் கதவு அண்ணே, திறக்காது, அவ்வளவுதான்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உன் அம்மாவிடம் ஆட்டம் டிரா என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள்.

சிரித்துக்கொண்டே அந்தப் பஞ்சைப் பார்த்தேன் பார், அப்போதுதான் உன் குரல் காதில் விழுந்தது. புது வீட்டுக்குக் குடிபோன வாரம் என்ன சொன்னாய்? நாலாவது மாடி, காற்று பிய்த்துக்கொண்டு போகுது, பின்பக்கப் படிக்கட்டுக் கதவை வீட்டுக்காரர் பூட்டிச் சாவியைத் தானே வைத்திருக்கிறார், அதனால் திருட்டு பயமே இல்லை, நாங்கள் அந்தக் கதவை ஒட்டித்தான் அலமாரியைப் போட்டிருக்கிறோம் என்றாய். நானும் நல்லதாப் போச்சு என்றேன். நல்லதாப் போச்சு என்று என் வாயாலேயே சொன்னேன். பூட்டி அலமாரி வைத்த கதவுக்கும் நான் வரைந்த கதவுக்கும் என்ன வித்தியாசம், நீயே சொல்லு. கீழ் மாடியில் தையல் கடை என்றும் சொன்னாய், அங்கே எவ்வளவு துணி இருக்கும், எத்தனை அயர்ன் பெட்டி சூட்டிலேயே கிடக்கும். உன் அப்பா போன நாளிலிருந்து உன்னைப் பற்றிக் கவலைப்படுகிற உத்தியோகம் என்னுடையது, அதிலிருந்து ரிடையர் ஆகிற வயசு யாரும் எனக்குச் சொல்லவில்லை. பல் ஆஸ்பத்திரியில் ஊரார் வாயை எல்லாம் எட்டிப் பார்க்கிற உனக்கு உன் வீட்டுப் பின்கதவை எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே.

நான் சும்மா இருக்கவில்லை. நீ பால்கனியில் நிற்க, தெருவிலிருந்து எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்து உன் கட்டடத்தையே கட்டிவிட்டேன், அந்தப் பச்சை ஜன்னல், கோணலாகத் தொங்குகிற தையல் கடை போர்டு, எல்லாம் அச்சு அசல். பின்பக்கம்தான் எனக்குத் தெரியாது, அதனால் அந்தச் சுவரை வைக்காமலே விட்டிருக்கிறேன். உன் அம்மா பார்த்துவிட்டு விரலை வைத்து "இதுல எம்பொண்ணு எந்த ஜன்னல், தம்பி" என்று கேட்டார்கள், காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பின்னாடி ஏன் இப்படித் திறந்து கிடக்கு, பிள்ளைக்குக் குளிருமே" என்றார்கள். பசை காயவில்லை அண்ணி என்றேன். பூட்டு விஷயம் அவர்களுக்குத் தெரியாது, அவர்களை உனக்குத் தெரியுமே, தெரிந்தால் அன்றைக்கே சாப்பாடு நின்றுவிடும்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில் அந்த அலமாரியை இழு, தனியாக இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே, கூட இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டுக்கொள். பிறகு வீட்டுக்காரரிடம் போய் வெளிப்பூட்டை எடுத்துவிட்டு உள்தாழ்ப்பாள் போடச் சொல், திருடனும் வர மாட்டான், நீங்களும் இறங்கலாம். முரண்டு பிடித்தால் எங்கள் சித்தப்பா கட்டடத் துறையில் பெரிய ஆள், இதுவரை பதினோரு கட்டடமும் இரண்டு பாலமும் கட்டியிருக்கிறார் என்று சொல், இதில் ஒரு சொல் பொய்யில்லை, எந்த அளவில் என்று அவர் கேட்டால்தானே. அப்புறம் அந்தப் படியில் நீயே ஒரு தடவை தெரு வரைக்கும் இறங்கிப் பார், பாதியில் யாராவது சைக்கிளும் பழைய மெத்தையும் போட்டு அடைத்திருப்பார்கள். அவர் திறக்கவே மாட்டேன் என்றால் வேறு வீடு பார், காற்று எல்லா ஊரிலும் அடிக்கிறது.

இந்த வாரம் ஸ்டுடியோக்காரம்மா உன் கட்டடத்தை மேஜையில் வைத்து ஆடலாமா என்று கேட்டார். மற்ற எந்தக் கட்டடத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கோங்க, இது சண்டைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். அந்த அம்மா தன் பொம்மைகளில் துப்பாக்கி இல்லாத ஒன்றைத் தேடி எடுத்து, கையில் பை மாட்டின மாதிரி ஒரு பெண், அதை உன் ஜன்னலில் நிறுத்திவிட்டு, "படி வந்ததும் நாமளே இறக்கிவிடலாம் அண்ணே" என்றார். படிக்கட்டு செய்து தயாராக வைத்திருக்கிறேன், தீக்குச்சிக் கைப்பிடியோடு, ஒட்டத்தான் இல்லை. நீ அந்தப் படியில் இறங்கித் தெருவில் நின்று, மேலே திறந்த கதவு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, அன்றைக்கு ஒட்டுகிறேன். அது வரைக்கும் அந்தப் பெண் நாலாவது மாடியில்தான் நிற்பாள், நானும் போகும்போதும் வரும்போதும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

நோய் நொடி உன் பக்கம் திரும்பாமல், நீ நினைத்ததெல்லாம் நடந்து, நீண்ட காலம் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். மறக்காதே, முதலில் அலமாரி.

உன்னையே நினைத்திருக்கும்,
சித்தப்பா