கரைக்கு வருகிற அப்பாவும் உன் சனிக்கிழமை விழாவும்

அன்பு மகள் பிரிஜாவுக்கு அம்மா எழுதுவது. நீ நல்ல சுகத்தோடு இருக்க மாதாவிடம் மன்றாடுகிறேன். இங்கே நான் சுகம், அப்பாவும் உடம்புக்குச் சுகமாகத்தான் இருப்பார், ஆனால் அவர் மனம் இப்போது என்ன பாடு படும் என்று நினைத்தால் காலையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் பால் பொங்கி வழிந்து கிடக்கிறது. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படி.

நீ அங்கே பிரான்சில் எம்.ஏ. முடித்துவிட்டாய், ஆய்வேட்டுக்கு மிக நன்று என்று போட்டிருக்கிறார்கள் என்று திங்கட்கிழமை சொன்னாய் அல்லவா, அந்தச் சந்தோஷத்தை என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அப்பா தங்கலுக்குப் போயிருக்கிறார், ஆழ்கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தொழில், கரை திரும்ப இன்னும் நாளாகும் என்று இருந்தது. அதனால் அப்பா போகிற விசைப்போட்டின் உடமைக்காரர் கிளீற்றஸ் அண்ணன் வீட்டுக்கு நேரே போனேன். அவருடைய வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது, கரைக்குப் பக்கத்தில் நிற்கும் போட்டுக்குச் சொன்னால் அவர்கள் அடுத்த போட்டுக்குச் சொல்லி அப்படியே கைமாறிப் போகும். அண்ணன் சிரித்துக்கொண்டே, "பிள்ளே, இந்தப் பெட்டியில மீன் வெல பேசுவோம், காத்து மழ பேசுவோம். பரீட்ச பாசான கதய இதுவர ஒருத்தனும் பேசினதில்ல. நான் பேசுதேன்" என்றார். வழக்கப்படி முதலில் அப்பாவின் பெயரைச் சொல்லி, மரியானை வீட்டிலிருந்து விளிக்கிறார்கள் என்றார், பிறகு உன் செய்தியைச் சொன்னார். மழைக்காற்றில் அந்த முதல் பாதி மட்டும் போட்டுக்குப் போட்டு தாண்டிப் போயிருக்கிறது.

உனக்குத் தெரியாததா, ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் ஊரில் நடுக்கடலில் நிற்கும் ஆளை வீட்டிலிருந்து பெயர் சொல்லி விளித்தால் அது சாவுச் செய்திதான். கேட்டவர்கள் திருப்பிக் கேள்வி கேட்கமாட்டார்கள், ஆளைக் கரை சேர்க்கத்தான் பார்ப்பார்கள். அப்பாவின் கூட்டாளிகளும் அதைத்தான் செய்தார்கள். மீனோடு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேறொரு போட்டில் அவரை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நேற்று மாலை இது தெரிந்ததிலிருந்து கிளீற்றஸ் அண்ணன் ஒவ்வொரு போட்டாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார், அவர் ஏறிய போட்டு மட்டும் கிடைக்கவில்லை. செத்தது மனைவியா மகளா என்று தெரியாமல் அந்த மனுஷன் யாரோ ஒருவருடைய போட்டில் உட்கார்ந்து வருகிறார். பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி மதினி வந்து, "ஏட்டி இசபெல், ஒனக்கு நாக்கு அடங்காதா? அவரு கரைக்கு வந்தப்பொறவு சொன்னா போராதா?" என்று திட்டினாள். திட்டிவிட்டு எனக்கு ஒரு டம்ளர் பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள்.

உன் ஆய்வேட்டைப் பற்றி நீ சொன்னதெல்லாம் ராத்திரி முழுவதும் மனதில் ஓடியது. அந்தப் பழைய பிரெஞ்சு நாவல்களில் கடலுக்குப் போன ஆண்களுக்காகப் பெண்கள் ஜன்னல் ஓரம் நின்று காத்திருப்பார்கள் என்றாய். எனக்கு நிற்கவே முடியவில்லை மக்கா. பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன், எடுத்த பாடத்தையே திரும்பவும் எடுத்திருக்கிறேன், பிள்ளைகள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. காத்திருப்பது என்றால் ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்ய முடியாமல் எல்லா வேலையையும் செய்துகொண்டிருப்பது. இதை உன் நாவல்காரர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்.

இதற்கு நடுவில் நீ எடுத்திருக்கிற முடிவு வேறு. பட்டம் முடித்தவர்களைச் சனிக்கிழமை உங்கள் பல்கலைக்கழகத் துறையில் மேடைக்குக் கூப்பிட்டு, ஆய்வேட்டின் தலைப்பை வாசித்து, கைதட்டி, குடும்பத்தோடு சாப்பிட வைக்கிறார்கள், எல்லாருக்கும் அப்பா அம்மா வருவார்கள், நான் மட்டும் தட்டை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கவா, போகவில்லை, அந்த நேரத்துக்கு ரொட்டிக் கடையில் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றாய். அன்றைக்கு நான் பேச்சை மாற்றிச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். உன்னைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பியவள் எந்த வாயால் போ என்று சொல்வது என்று இருந்தது.

இதுவரை எழுதி வைத்தபோது கிளீற்றஸ் அண்ணன் ஆள் அனுப்பினார், செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். அப்பா வருகிற போட்டு கிடைத்துவிட்டது. இந்தத் தடவை அண்ணன் முதலிலேயே, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்லித்தான் ஆரம்பித்தாராம். நடுவில் இரண்டு போட்டு தாண்டித்தான் பதில் வந்தது. அப்பா கேட்ட முதல் கேள்வி, "அப்போ ஒருத்தரும் சாவலியா?" உன் பட்டத்தையும் சனிக்கிழமை விழாவையும் சொல்லி, வழியில் எதிரே போகிற போட்டு ஒன்றில் ஏறினால் தன் போட்டுக்கே திரும்பிவிடலாம், இந்தத் தங்கலில் கிடைக்கிற மீனுக்கான பங்குப் பணமும் போகாது என்று அண்ணன் சொல்லிப் பார்த்தாராம். அப்பா, "இனி நான் திரும்ப மாட்டேன். பிள்ள மேடையில நிக்கத நான் பாக்கணும். அவளெ போவச் சொல்லு" என்றாராம்.

சனிக்கிழமை மத்தியானம் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் இறங்குவார். உங்கள் விழா தொடங்கும்போது இங்கே சாயங்காலம், அதற்குள் குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் போனை அவர் கையில் கொடுப்பேன். மூன்று நாள் உன்னைச் செத்தவளாகவும் நினைத்துக்கொண்டு வந்த மனுஷனுக்கு நீ ரொட்டிக் கடையில் நிற்கிறாய் என்று நான் எப்படிச் சொல்வது? வேலையை வேறு யாரிடமாவது மாற்றிக்கொள். கூடப் படித்த பிள்ளை யாரிடமாவது வீடியோவில் எங்களை விளித்து உன் போனைக் கொடுத்து மேடைக்கு நேரே பிடிக்கச் சொல். எல்லாரும் வீட்டிலிருந்து ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும் என்றாயே, ஆப்பிரிக்காக்காரர் கடையில் மரச்சீனிக் கிழங்கு கிடைக்குமல்லவா, அவித்து, தேங்காயும் பச்சைமிளகாயும் பூண்டும் சீரகமும் அரைத்துப் போட்டுக் கிளறி ஒரு பாத்திரம் கொண்டு போ, காரத்தைக் குறை. கையில் பாத்திரத்தோடு போகிறவள் ஓரமாக நிற்கமாட்டாள், நாலு பேர் இது என்ன என்று கேட்டு வருவார்கள். குளிருக்குச் சட்டைக்குள் இன்னொரு சட்டை போடு, தலைமுடியை ஈரத்தோடு கட்டாதே.

மாதா உனக்கு முன்னும் பின்னும் நடக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தமும். படித்துவிட்டேன் என்று மட்டும் பதில் போடாதே, போகிறேன் என்று போடு. மேடையில் உன் பெயர் அந்தப் பிரெஞ்சுக்காரர் வாய்களில் எப்படிக் கோணி வந்தாலும் உடனே எழுந்துவிடு, அப்பா பார்த்துக்கொண்டிருப்பார்.

உன் அம்மா,
இசபெல் மரியான்