டாக்டர் தலை குனிந்த நேரம்

அப்பா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அம்மாவின் முகத்துக்குப் பவுடர் போட்டுவிட்டேன். ஒன்பது மணிக்கு வீடியோவில் டாக்டர் வருகிறார் அல்லவா? "வேர்த்து வடிஞ்ச மூஞ்சியோட உக்காந்தா அவரு என்ன நெனப்பாரு?" என்று அம்மா கன்னத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவைத் தட்டியதும் எழுந்த வாசனையோடு நீங்களும் என் கண்முன் வந்துவிட்டீர்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையும் நெற்றியில் திட்டுத் திட்டாய்ப் பவுடருமாக.

உங்கள் சர்க்கரைக்கு இதே திருச்சி டாக்டரிடம்தான் போய்க்கொண்டிருந்தோம். சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறிய அந்தக் கோடையில், "வாரா வாரம் பஸ்ஸில் அலையாதீங்க, வீடியோவில் பேசிக்குவோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் நல்ல மனதோடுதான் அரிசி டின்மேல் போனைச் சாய்த்து வைத்தேன்.

திரையில் அவர் முகம் தெரிந்ததும் எழுந்து நின்று கும்பிட்டீர்கள். அவர் பக்கவாட்டில் எங்கோ பார்த்து, "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தீர்கள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். அது அவர் அறையில் இருந்த யாருக்கோ சொன்னது. நீங்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்தீர்கள். "இன்னும் கொஞ்சம்." இழுத்தீர்கள். "இன்னும் தள்ளிப் போங்கம்மா." அந்த 'அம்மா'வைப் பெரிதுபடுத்தாமல் இன்னும் இழுத்தீர்கள். நாற்காலி அடுப்படிக் கதவில் போய் முட்டியது. உள்ளே தாளித்துக்கொண்டிருந்த அம்மா சிறைப்பட்டாள்.

"ஏங்க, நான் எப்படி வெளிய வாரது?"

"சும்மா இரு. டாக்டர் சொல்ற வரைக்கும் நகரக் கூடாது."

"டாக்டர், அப்பா கால்ல ஒரு..." என்று நான் ஆரம்பித்தேன். "ம்... ம்..." என்றார். டீ குடித்தார். எதிலோ கையெழுத்துப் போட்டார். பிறகு மேசைக்கு அடியில் பார்த்தபடி தலை குனிந்தவர் நிமிரவே இல்லை.

அங்கே இருந்தது இன்னொரு போன். கல்லூரியில் பாடம் எடுக்கும் எனக்குத் தெரியாத குனிவா? நீங்கள் அவரையே உற்றுப் பார்த்தீர்கள். பிறகு மெல்லச் சிலுவை அடையாளம் போட்டு, நீங்களும் தலை குனிந்தீர்கள். கதவிடுக்கில் பார்த்த அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். கடுகு மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் "ச்சே!" என்று நிமிர்ந்தார்.

"ஆமென்" என்றீர்கள் நீங்கள்.

"அதே மாத்திரையைத் தொடருங்க" என்றார் அவர். திரை அணைந்தது.

உங்கள் இடது கால் கட்டைவிரலில் புண் இருந்தது. அதை மறைக்க, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கறுப்பு சாக்ஸை நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ராப்பகலாகப் போட்டுக்கொண்டு திரிந்தீர்கள். அந்த வீடியோவுக்கு முந்தின நாள் துவைக்க எடுத்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சர்க்கரைக்காரர் காலில் புண் வந்தால் அது எதில் போய் முடியும் என்று நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். அடுத்த தடவை போனுக்கு முன்னால் காலைக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

"அவரு மூஞ்சிக்கு நேரா காலைத் தூக்கச் சொல்றியா ஆத்தா? அதுவும் நமக்காக ஜெபம் பண்ற மனுசன் மூஞ்சிக்கு?"

"அவர் ஜெபம்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்த டாக்டரிடம் இனிப் பேசவே மாட்டீர்கள். சொல்லாவிட்டால் காலைக் காட்ட மாட்டீர்கள். குளத்தூர் ஆஸ்பத்திரிக்காவது போவோம் என்றால், "நம்ம டாக்டருக்குத் தெரியாம இன்னொருத்தர்கிட்டயா?" என்றீர்கள், ஏதோ குடும்பத்துக்கே களங்கம் வந்துவிடும் என்பதுபோல. வேறு வழியில்லாமல், கால் விரலில் புண் இருக்கிறது என்று டாக்டருக்கு வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது.

அடுத்த வாரம் நாற்காலியை நேராக அடுப்படிக் கதவருகே கொண்டுபோய்ப் போட்டீர்கள். "போன தடவை இங்கிட்டுத்தானே உக்காரச் சொன்னாரு." அம்மா உஷாராக முன்னமே கூடத்துக்கு வந்துவிட்டாள். டாக்டர் வந்தார். "சொல்லுங்க ஐயா" என்றார். தலை குனிந்தார்.

"அவசரமில்ல டாக்டர். ஜெபத்தை முடிச்சிட்டே பேசுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன ஐயா?"

"போன வாரமும் எனக்காகத் தலை குனிஞ்சு வேண்டிக்கிட்டீங்களே. நானும் கூடவே சொல்லிக்கிட்டிருந்தேன். இத்தனை வருசத்துல எந்த டாக்டரும் எனக்காக இப்படிச் செஞ்சதில்ல."

அவர் முகம் போன போக்கை அந்தச் சின்னத் திரையிலும் பார்த்தேன். டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று உள்ளே விழுந்தது. டிராயர் மூடியது. அப்புறம் அவர் உங்களைப் பார்த்தார். அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்ததால் நீங்கள் தலையிலிருந்து கால்வரை முழுசாகத் தெரிந்தீர்கள்.

"ஐயா, இந்த வெயில்ல எதுக்கு சாக்ஸ்?"

காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டீர்கள்.

"கழட்டுங்க, பாப்போம்."

"உங்க மூஞ்சிக்கு நேராவா? வேண்டாம் டாக்டர்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப என்னைத் தரையில வைக்கச் சொல்லுங்க. நான் உங்க கால்கிட்ட வர்றேன்."

போனைத் தரையில் வைத்தேன். பெரிய வியாழனன்று கோயிலில் பாதம் கழுவும் சடங்கில் சாமியார் உங்கள் முன் குனியும்போது கூச்சத்தோடு நெளிவீர்களே, அப்படி நெளிந்தபடி சாக்ஸைக் கழற்றினீர்கள். தரையிலிருந்து வந்த டாக்டரின் குரல் மாறியிருந்தது. "இப்பவே கிளம்புங்க. இன்னைக்கே வந்துருங்க."

விரல் போயிற்று. கால் தப்பியது.

வார்டில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த நீங்கள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். "ஏ ஆத்தா, எந்த ஜெபமாவது 'ச்சே'ன்னு முடியுமா? அன்னைக்கு மேட்ச்சுல எவனோ அவுட்டாயிட்டான் போல."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"இத்தனை வருசம் சைக்கிள் கடை வச்சிருந்தேன். டியூப்பைப் பாக்காம பஞ்சர் ஒட்டுறவனை எனக்குத் தெரியாதா?"

"அதை நேராக் கேட்டிருக்கலாம்லப்பா? புண்ணை வச்சுக்கிட்டு ஒரு வாரம்!"

"போனை நோண்டாதீங்கன்னு சொன்னா கோவம் வந்திருக்கும். கோவமா இருக்கறவருகிட்ட எப்படிக் காலை நீட்டுறது? பாக்காத மனுசன்கிட்டத்தான் எதைக் காட்டுறது?" சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள்.

அதோடு விட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "நம்ம டாக்டரு ஜெபம் பண்ணாம மாத்திரை எழுத மாட்டாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னீர்கள். நம் ஆவூர்ப் பக்கத்திலிருந்து பாதிப் பேர் அவருக்கு வீடியோ போட்டார்கள். போட்டவர்கள் எல்லாரும் முதலில் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்களாம். தலை குனிந்த நோயாளிக்கு முன்னால் மனிதர் எப்படி டீ குடிப்பார்? அது பொய்தானே அப்பா என்று கேட்டதற்கு, "போன் டிராயருக்குள்ள போயிருச்சுல்ல, இப்ப எங்கிட்டுப் பொய்யி?" என்றீர்கள்.

அந்தக் குறும்பு என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் போனை வைத்துக் குனிந்திருக்கும் பிள்ளைகளை இப்போது நான் திட்டுவதில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, "ஜெபம் முடியட்டும், காத்திருக்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொள்வேன். வகுப்பே சிரிக்கும். போன் பைக்குள் போகும். சிரித்துக்கொண்டே நிமிர்கிற பிள்ளைக்கு என்மேல் கோபம் இருப்பதில்லை.

நீங்கள் போனபிறகு அம்மாவுக்கும் அவர்தான் பார்க்கிறார். மூச்சிரைப்பு என்று நாலு இடம் அலைந்தோம். அவர் மாத்திரையில்தான் அடங்கியது. இன்று காலையும் நேராகப் பார்த்தார். அம்மா பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. கால் வீக்கத்தைக் கேட்டார், தூக்கத்தைக் கேட்டார். முடிக்கும்போது சொன்னார்: "ஐயா மாதிரி வெள்ளந்தியான மனுசரை நான் பாத்ததில்லம்மா. என்னைப் போய் அப்படி நம்பினாரே. அதுக்காகத்தான் இன்னைக்கும் போனை உள்ள வச்சிடுறேன்."

அம்மா கண்ணைத் துடைத்ததில் பவுடர் கோடு கோடாகக் கலைந்தது. நான் டாக்டருக்கு நன்றி சொல்லிப் போனை அணைத்தேன்.

அந்தச் சொல் காலையிலிருந்து என்னை உறுத்துகிறது. வெள்ளந்தியாம், நீங்கள்! பேசாமல் விட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லதுதான். அவருக்கு ஒரு நல்ல நினைவு மிஞ்சும், அம்மாவுக்கு டாக்டர் மிஞ்சுவார். ஆனால் அம்மாவை அத்தனை உண்மையாகப் பார்க்கிறவர் எதிரில் ஒரு விஷயத்தை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட, அவர் மனதில் உங்களை ஒரு அப்பாவியாக விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துப் போகிறேன். அம்மா ரத்தம் கொடுக்க உள்ளே போனதும், அவர் எதிரில் உட்கார்ந்து, வார்டில் நீங்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்லப்போகிறேன். சிரித்தார் என்றால் கடைசிவரை அவர்தான் நம் டாக்டர். முகம் கறுத்தால் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பஸ்ஸே ஏற மாட்டாள்.