உன் பெட்டியில் வைத்த மஞ்சள் முடிச்சுகள்

அண்ணே,

இன்று காலை பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா ஒரு மஞ்சள் துணி முடிச்சோடு வந்தாள். "உன் பொண்ணு பரீட்சை எழுதறாளாமே. மாரியாத்தாளுக்குக் காசு முடிஞ்சிருக்கேன். தேறினதும் பால்குடம் எடுக்கிறேன். அவ மேசைக்கு மேல மாட்டி வை" என்றாள். மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியது. நல்ல மனசுக்காரி, அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் கை நீட்டி வாங்க முடியவில்லை.

உன் மேசைக்கு மேலே கொடி கட்டி அம்மா வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாளே, அந்த முடிச்சுகள்தான் கண்முன் வந்தன. சைகோனில் நம் காரைக்கால் சனங்களில் பிரெஞ்சுப் பள்ளியின் கடைசிப் பரீட்சை வரை வந்த முதல் பிள்ளை நீ. தேறினால் வைத்தியம் படிக்க ஹனோய்க்குப் போவாய். அவ்வளவுதான், தெருவே உன்னைத் தத்தெடுத்துக்கொண்டது; வீட்டுக்கு வீடு காசு முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். துணிக்கடை மாமா மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார். அவர் தலையில் இருந்ததே நாலு முடி, அதையும் உனக்காக நேர்ந்துவிட்டார். நீ தெருவில் இறங்கினால் "பொன்ழூர், மெஸ்யே தொக்தேர்!" என்று கடைக்குக் கடை சலாம். டாக்டர் ஐயாவாம், பரீட்சை எழுதும் முன்பே. நாங்கள் பூரித்துப் போனோம். நீ பின்சந்து வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தாய்.

பிறகு தூங்குவதை விட்டாய். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாய். "படிக்கிறது எதுவும் மண்டையில நிக்கலம்மா, பயமா இருக்கு" என்றாய். "ஊர்க்கண்ணு பட்டிருக்குடா" என்று அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். அப்பா, "ஆம்பளப் பிள்ளைக்கு என்ன பயம்?" என்றார். விஷயம் வெளியே தெரிந்ததும் தெரு சும்மா இருக்குமா? இன்னும் முடிச்சுகள் வந்தன. நீ வாட வாட வேண்டுதல் பெருகியது. என்ன சனங்களோ, சாமி!

ஒரு சாயங்காலம் அந்தக் கொடியைக் காட்டி என்னிடம் சொன்னாய்: "நான் தேறினா ஆத்தா ஜெயிச்சா. தோத்தா நான் மட்டுந்தான் தோத்தேன். நல்லா இருக்கு இல்ல?" விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். எனக்கு அப்போது பாவாடை சட்டை வயசு.

பரீட்சை அன்று தெருவே கூடி உன்னை வழியனுப்பியது. நீ பள்ளி வாசல் வரை போய், உள்ளே நுழையாமல், கப்பல்துறைப் பக்கம் நடந்துவிட்டாய். அப்பா கண்டுபிடித்தபோது தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாயாம். யாரும் உன்னைத் திட்டவில்லை. என்னவென்று கேட்கவும் இல்லை. "காத்து மாறினா சரியாயிடும்" என்று காரைக்காலுக்குக் கப்பலேற்றினார்கள். ஆத்தா துணைக்கு வரட்டும் என்று அம்மா அத்தனை முடிச்சுகளையும் உன் பெட்டியில் அடுக்கி வைத்தாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை, அண்ணே. எதற்குப் பயந்து ஓடினாயோ அதையே கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த மழைக்காலத்தில் காரைக்காலிலிருந்து சித்தப்பாவின் கடிதம் வந்தது. காய்ச்சலில் போய்விட்டாய் என்று எழுதியிருந்தார். வெகு நாளாகவே சாப்பிடாமல் கிடந்தாய் என்றும் எழுதியிருந்தார்.

லட்சுமி அக்காவிடம், "கோயில்லயே கட்டிடுங்கக்கா, எம் பொண்ணு கண்ணுல படவேணாம்" என்றேன். அவளுக்குக் கோபம்தான். போகட்டும், நாளை ஒரு கிண்ணம் பாயசத்தோடு போய்ச் சமாதானம் செய்துகொள்கிறேன்.

உள்ளே போய் மகளின் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ராத்திரி தூங்கினியாடி?" என்று கேட்டேன். "தூங்கினேன்" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இல்லம்மா" என்று என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

"அழு. பரீட்சை கெடக்குது" என்றேன். அண்ணே, இவ்வளவுதானா? இதைச் சொல்ல அன்றைக்கு நம் வீட்டில் ஒருத்தர்கூட இல்லாமல் போனோமே.