தகரக் கூரைமேல் சுரைக்கொடி

1939 ஜனவரி 18
எனக்குக் கொடுத்திருப்பது பெண்கள் பள்ளிக்கூடம் அல்ல, தகரம் போட்ட அடுப்பு. செல்லூரின் நாற்பத்தொரு குழந்தைகள் அதற்குள் வேகிறார்கள். பள்ளிக் கமிட்டி மெம்பர் பஞ்சாபகேசனுக்கு மூன்று மனு போட்டேன். பதிலுக்கு ஒரு தெர்மாமீட்டர் அனுப்பியிருக்கிறார். மேதாவி!

ஜனவரி 23
தண்ணீர் கொண்டுவரும் இருளாயி சுவரோரம் சுரைவிதை ஊன்றினாள். "கூரையில ஏத்திவிட்டா அம்புட்டுச் சூட்டையும் அது வாங்கிக்கிரும் டீச்சரம்மா." பி.ஏ. படித்த மெம்பருக்கு இது தோன்றவில்லை.

மார்ச் 14
தகரமே தெரியவில்லை, அத்தனையும் பச்சை. போன வருஷம் இதே மாதம் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். இன்று ஒருத்தி தூங்கிவிட்டாள். அதட்ட மனம் வரவில்லை.

மார்ச் 20
பஞ்சாபகேசன் வந்தார். உள்ளே நுழைந்ததும் அவருக்கு வியர்வை அடங்கியது; அதுகூட உறைக்காமல் பேசுகிறார். "இது ஸ்கூலா, கொல்லையாம்மா? இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிடணும். இல்லேன்னா அந்தத் தண்ணிக்காரியை நிறுத்திடுவேன்."

மார்ச் 21
அறுத்தேன். நானே. இருளாயி பக்கத்தில் நின்று, "பிஞ்சு இருக்கு, பாத்து" என்றாள், அவ்வளவுதான். அவள் வேலையைக் காப்பாற்றத்தான் அறுத்தேனா? பொய். என் வேலைக்குப் பயந்தேன். மெம்பரை இளக்காரமாக எழுதின இதே கைதானே? சீ.

மார்ச் 24
கொடியை அறுத்தும் இருளாயியை நிறுத்தியேவிட்டார்கள்.

மார்ச் 29
கணக்குப் போட்டுக்கொண்டிருந்த செல்லக்கிளி அப்படியே சாய்ந்தாள். அவள் அம்மா மாயக்காள் ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். "கொடி இருந்தவரைக்கும் எம்புள்ள நல்லாத்தான இருந்துச்சு? எதுக்கு அறுத்தீக?"


ஏப்ரல் 3
நாற்பத்தொரு பேரில் வந்தது ஒன்பது பேர்.

ஏப்ரல் 12
பிள்ளைகள் இல்லாவிட்டால் சர்க்கார் கிராண்ட் கிடைக்காதே — கமிட்டி விழித்துக்கொண்டது. கூரைகளில் கொடி படரவிட வேண்டுமென்று பஞ்சாபகேசனே தீர்மானம் கொண்டுவந்தாராம், சொந்த யோசனை மாதிரி! கைதட்டினார்களாம். தூ.

ஏப்ரல் 13
இருளாயியைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்டேன். "மில்லுக்குப் போறேன் டீச்சரம்மா. அங்க இதவிட வெக்கதான். ஆனா நான் வச்சத எங்கண்ணு முன்னால யாரும் அறுக்க மாட்டாக."

ஜூன் 19
பள்ளி திறந்தாயிற்று. புதிதாக ஊன்றிய கொடியில் நாலு இலை. புதுத் தண்ணீர்க்காரி யாரும் வரவில்லை. ஆற்று ஊற்றிலிருந்து நானே இரண்டு குடம் சுமந்தேன். தெருவே நின்று பார்த்தது. இரண்டாவது குடத்திலேயே தோள் விட்டுப்போயிற்று. அவள் தினம் எத்தனை சுமந்தாளோ, ஒருநாளும் நான் கேட்டதில்லை.
பதினேழு பேர் வந்தார்கள். செல்லக்கிளி வரவில்லை.