மூன்று சீட்டு, ஒரே ருசி

12-7-1964, ஞாயிறு. டெலானிபூர்.

மத்தியானம் நடந்தது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

இந்தத் தீவுக்குக் கப்பலில் அபூர்வமான பீர் ஏதாவது வந்தால் நாங்கள் மூவரும் என் குவார்ட்டர்ஸில் கூடுவோம். குடித்ததும் பேசக் கூடாது. ருசியை ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்துப் போட்டு, பிறகு சத்தமாகப் படிப்போம். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒத்துப்போனதில்லை. லாஞ்ச் படகு மெக்கானிக் சேவியர் தேன் என்று எழுதினால், எங்கள் ஆபீஸ் கோஷ் பாபு மண்ணெண்ணெய் என்று எழுதியிருப்பார்.

இன்றைய பாட்டில் கப்பலில் வந்ததல்ல. மரைன் ஹில்லில் அஸ்திவாரம் தோண்டியபோது, யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் வெட்டிய பதுங்கு குழியில் மூடி திறக்காமல் கிடைத்தது. நான்தான் ஆசைப்பட்டு எடுத்து வந்தேன்.

ஆளுக்கு அரை தம்ளர் குடித்தோம். முதலில் என் சீட்டைப் படித்தேன்: 'பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி.' ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியாது. சேவியரின் சீட்டிலும் அதே வாசகம். கோஷ் பாபு தன் இந்திச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "மேரா பி வஹீ ஹை" என்றார்; அவருடையதும் அதேதானாம்.

"அண்ணே, இத கடல்ல போட்ருவோம்" என்றான் சேவியர்.

"சும்மா இருடா, பழைய சரக்கு" என்று அதட்டினேன். மிச்சம் கொண்டுவந்தவனுக்கே என்பது எங்கள் வழக்கம்.

பாட்டில் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. தக்கை ஒன்றை வைத்து இறுக்கித்தான் மூடினேன். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிகிறது, மறைகிறது, மறுபடியும் படிகிறது. என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை.