மூன்றாவது வெடி

தேச்சு,

பேஸ்மேக்கர் வைத்த இடத்தில் மறுபடியும் சீழ். அதை எடுத்துவிட்டு வலப்பக்கம் வேறொன்று வைக்க வேண்டுமாம். முதல் பேருந்தில் மைசூர் போகிறேன். "எப்பப் பாரு வலி வலின்னு! கேட்டுக் கேட்டு எனக்கே நெஞ்சு வலிக்குது" என்று நேற்று நீ கத்தினாயே, அதனால்தான் எழுப்பவில்லை.

பன்றிக்கறி சட்டியில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். காப்பிக் கிடங்குச் சாவி அரிசிப் பானைக்குள்.

துப்பாக்கியைத் துடைத்து வைத்திருக்கிறேன். இடது கை தூக்க முடியாமல் அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. நான் பிணமாகத் திரும்பினால், ஊருக்குச் சாவு சொல்லும் இரண்டு வெடியையும் அதில் நம் மகன் நாணய்யாவே வெடிக்கட்டும்.

மறந்துவிட்டேன்: சிதையில் வைக்குமுன் நெஞ்சிலிருந்து அந்தப் பேஸ்மேக்கர் பெட்டியை எடுக்கச் சொல். தீயில் வெடிக்குமாம். ஊருக்கு இரண்டு வெடி போதும். மூன்றாவதை நீ பக்கத்தில் நின்று கேட்க வேண்டாம்.